செகண்ட் கியர் விழுந்த கதை

“…ஆசையாக் குடுக்கறாங்க, வேணான்னு சொல்ல வாய் வருமா? நீங்களே சொல்லுங்க, இத நான் எங்க வைக்கட்டும்?” என்றாள் என் மனைவி.

திருவண்ணாமலையில் பெரிய கோபுரத்து வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் கார் நிற்கிறது. ஓட்டுகிற இடத்தில் அவள். வலது உள்ளங்கையில் விபூதி. அதைக் கொடுத்த சவாரி அம்மா பின் சீட்டில். பக்கத்து சீட்டில் நான். விபூதியை எங்கே வைப்பது என்று ஒரு கேள்வியா, நெற்றி எதற்கு இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நெற்றிக்கு வைத்தாயிற்று. மிச்சம் இருக்கிறதே, அதுதான் கேள்வி. அவள் கை அப்படியே இருக்கட்டும். அந்த மிச்சத்தின் கதையைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்த தமிழில் பாதி, என் வண்டியில் ஏறியவர்கள் விட்டுவிட்டுப் போனது. குடை, தண்ணீர் பாட்டில், கண்ணாடி எல்லாம் தேடிப்போய்த் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பேச்சை மட்டும் வைத்துக்கொண்டேன். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தைப் பார்த்து ஒரு பெரியம்மா, “ஊரே செருப்பக் கழட்டிட்டு வந்துடுச்சுப்பா” என்றார். லாட்ஜ் அறையைப் பற்றி ஒருவர், “ரூமா அது, குதிரை மாதிரி நின்னுக்கிட்டே தூங்கணும்” என்றார். இப்படி நிறைய இருக்கின்றன. ஆனால் என் வீட்டுக்குள்ளேயே ஒரு பெரிய பேச்சுக்காரி இருக்கிறாள் என்பது, நான் டாக்ஸி ஓட்டுவதை விட்ட பிறகுதான் சரியாகத் தெரிந்தது.

முதுகு ஒத்துழைக்கவில்லை, ராத்திரி பகல் என்று வாடகைக்கு ஓட முடியவில்லை. ஒரு பள்ளிக்கூட வேனில் வேலை கிடைத்தது. காலையில் பிள்ளைகளை ஏற்றி இறக்கினால் சாயங்காலம்தான் மறுபடி வேலை. கார் வாசலில் சும்மா நின்றது. அதன் மேல் பூனை தூங்கியது. அந்தச் சமயம்தான் மனைவி துணிக்கடை வேலையை விட்டாள். காலையிலிருந்து கடை சாத்தும் வரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டும் வேலை. கால் வீங்கிப்போகும். ஒருநாள் காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “நின்னு நின்னு பொழச்சது போதுங்க. இனிமே உக்காந்து பொழைக்கலாம்னு இருக்கேன்.”

“உக்காந்து என்னா பண்ணப் போற?”

“வாசல்ல ஒரு சீட்டு சும்மாத்தான கெடக்குது” என்று காரைக் காட்டினாள்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். கற்றுக்கொண்டாள். லைசன்சும் வந்தது. வேலைக்கும் ஒரு வழி தெரிந்தது. செங்கம் ரோட்டுப் பக்கம், ஆசிரமத்துக்குப் பின்சந்தில் ஒரு அம்மா அறைகள் வாடகைக்கு விடுகிறார். சென்னையில் இருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். என் பழைய சவாரி. அவர் சொன்னார்: “என்கிட்ட தனியா வந்து தங்கற பொண்ணுங்க எல்லாம் லேடி டிரைவர் இருக்காங்களான்னுதான் கேக்கறாங்க. உன் வொய்ஃப் ஓட்டறான்னா எனக்கு வெளியில தேடற வேலை மிச்சம். ஆனா முதல்ல நான் உக்காந்து பாக்கணும். என்னை நம்பித்தானே அவங்க ஏறுவாங்க?”

நியாயம்தானே. ஒரு நாள் காலையில், என் வேன் வேலை முடிந்ததும், அவரை ஏற்றிக்கொண்டு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போய் வருவதாக ஏற்பாடு. நான் பக்கத்தில். கிளம்பியதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி வேகம் குறைந்து மறுபடி எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் செகண்ட் கியர் விழவில்லை. இழுத்தால் பாதியில் நிற்கும். அழுத்தினால் கர்ர்ர் என்று கத்தும். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது சுத்தமாக மாட்டிக்கொண்டது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, “இன்னாக்கா, மாவு அரைக்கிறியா? எங்க வீட்டுதும் கொண்டாரட்டா?” என்றார். வேறு நாளாக இருந்தால் அந்தப் பேச்சை நான் பத்திரப்படுத்தி இருப்பேன். அன்றைக்கு மனைவியின் காது சிவந்து போயிருந்தது.

இறங்கும்போது அந்த அம்மா கழுத்தைத் தடவிக்கொண்டார். “தப்பா நெனைக்காதம்மா. என் கழுத்து தாங்கல. வர்ற பௌர்ணமி கழியட்டும், இன்னொரு தடவ ஏறிப் பாக்கறேன். அப்பவும் இப்பிடியே இருந்துச்சுன்னா வேற ஆள் பாத்துக்கறேன்.”

வீட்டுக்கு வந்து சாவியை மேஜையில் வைத்தாள். “அது கியரு இல்லீங்க, எருமை. கூப்பிட்டா திரும்பிப் பாக்குது, வர்றதில்ல.”

“கை பழகணும்மா” என்றேன். எனக்கு அந்தக் கியர் ஒருநாளும் தொந்தரவு கொடுத்ததில்லை. எப்படிப் போடுவது என்று காட்டவும் காட்டினேன். முதல் கியரில் இருந்து நேராக இழுக்கக் கூடாது. நடுவில் நிறுத்தி ஒரு மூச்சு விட வேண்டும். இடது பக்கமாக லேசாக அணைக்க வேண்டும். அப்புறம் ஒரு தட்டு. விழுந்துவிடும்.

பார்த்துக்கொண்டே இருந்தாள். “இது ஓட்டற மாதிரி இல்ல. கெஞ்சற மாதிரி இருக்கு.”

“எல்லா வண்டியிலயும் கொஞ்சம் அப்படித்தான்.”

“இல்லியே. ஸ்கூல் வண்டி என் பேச்சக் கேட்டுச்சே. இது உங்க பேச்ச மட்டுந்தான் கேக்குது. அப்ப கோளாறு கையிலயா, வண்டியிலயா?”

 சரி, மெக்கானிக் பாயிடம் போகலாம் என்றேன்.

பாய் என் வயசுக்காரர். வேங்கிக்கால் தாண்டி ஷெட் வைத்திருக்கிறார். தகரக் கூரை, வேப்பமரம், எப்போதும் பாடுகிற ஒரு ரேடியோ. என் காருக்கு அவர்தான் வைத்தியர். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “எண்ணெய் செத்துப் போச்சு தலைவரே” என்று கியர் எண்ணெயை மாற்றினார். கிளட்ச் கம்பியை இழுத்துச் சரிசெய்தார். “இனிமே ஒரு விரல்ல போடலாம்” என்றார்.

ஒரு விரலில் எல்லாம் விழவில்லை. வண்டி சூடான பிறகு கொஞ்சம் பரவாயில்லை. காலையில் எடுக்கும்போது முன்னைவிட மோசம். மறுபடி போனோம். பாய் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பழைய வண்டி. ஜாஸ்தி எதிர்பாக்கக் கூடாது. எண்ணெய்ல பாதி கொறஞ்சுது. மிச்சம் கைப் பழக்கந்தான் தங்கச்சி.”

“பாய்,” என்றாள் என் மனைவி, “எல்லாரும் என் கையவே சொல்றீங்க. கொஞ்சம் வண்டியையும் சொல்லுங்க.”

பாய் சிரித்துவிட்டார். ஆனால் அவள் சிரிக்கவில்லை. பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. துணிக்கடையில் இருந்து, திரும்பி வருகிறாயா என்று ஒருமுறை கூப்பிட்டும் கேட்டுவிட்டார்கள். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தாள். என்னிடம் சொல்லாமல், கடைக்குப் போட்டுப்போகும் பழைய செருப்பைத் துடைத்து எடுத்து வைத்திருந்ததையும் நான் பார்த்தேன்.

இருந்தாலும் ஓட்டிப் பழகுவதை விடவில்லை. நான் வேனை நிறுத்திவிட்டு வந்ததும் மத்தியானத்தில் கிளம்புவோம். வேங்கிக்கால் பக்கம் புதிதாக வீட்டுமனை போட்ட இடங்களில் ரோடு மட்டும் இருக்கும், வீடு இருக்காது. அங்கே போட்டுப் போட்டு எடுப்பாள். அப்படி ஒரு நாள், நல்ல வெயில், கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்தி வைத்திருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தவள், கியரை ஆட்டிவிட்டு மூக்கைச் சுருக்கினாள்.

“ஏங்க, கியர் போட்டா கோயில் வாசனை வருது.”

“ஊரே கோயில்தான” என்றேன்.

“வெளையாடாதீங்க. மோந்து பாருங்க.”

குனிந்து முகர்ந்தேன். உண்மைதான். சந்தனம். அதற்கு அடியில் கற்பூரம் மாதிரி ஒன்று. அவள் கியர் ராடைப் பிடித்து இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டினாள். ராடின் அடியைச் சுற்றி ஒரு ரப்பர் உறை இருக்கும் இல்லையா, அது ஓரத்தில் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாக வெள்ளையாகக் கொஞ்சம் தூள் பறந்து, வெயிலில் மினுங்கிவிட்டு அடங்கியது.

அவள் என்னைப் பார்த்தாள். “சவாரிக்காரங்க குடுக்கற துண்ணூற நீங்க எங்க பூசுவீங்க?”

எங்கள் ஊரில் டாக்ஸி ஓட்டுபவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கோயிலுக்குள் போன சவாரி திரும்பி வந்து ஏறியதும் முதல் வேலையாக, “டிரைவர், எடுத்துக்குங்க” என்று விபூதிப் பொட்டலத்தை நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. ஒரு சிட்டிகை எடுத்தால், “நல்லா எடுங்க” என்பார்கள். நெற்றிக்குப் போக விரலில் மிச்சம் இருக்கும். அதைத் தரையில் உதறவும் முடியாது, சட்டையில் துடைக்கவும் மனசு வராது. சோறு போடுகிற வண்டிதானே என்று ஸ்டியரிங்கில் ஒரு கீற்று, கியர் ராடின் தலையில் ஒரு கீற்று. வெள்ளிக்கிழமை சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்குக் கேட்கவே வேண்டாம். கியர் தலையைப் பார்த்தே இது திருவண்ணாமலை வண்டி என்று சொல்லிவிடலாம். எனக்கு முன்னால் அந்தக் கார் வைத்திருந்தவரும் இதே ஊர் டாக்ஸிக்காரர்தான். அவரும் சும்மா இருந்திருக்க மாட்டார்.

வண்டியை அப்படியே பாய் ஷெட்டுக்கு விட்டாள்.

“அங்க ஒண்ணும் இருக்காது தங்கச்சி,” என்றார் பாய். “கியர் பாக்ஸ் முன்னாடி இருக்குது. நீ ராடாண்ட பாக்கற.”

“கழட்டிப் பாருங்க பாய். ஒண்ணும் இல்லன்னா எல்லாருக்கும் டீ என் கணக்கு.”

“இருந்தா?”

“உங்க கணக்கு.”

பாய் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ராடின் தலையைத் திருகி எடுத்தார். இரண்டு சீட்டுக்கும் நடுவே இருந்த மூடியைக் கழற்றினார். ரப்பர் உறையை உருவினார். அப்புறம் டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தார்.  

நாங்களும் எட்டிப் பார்த்தோம். கியர் ராடின் அடியில் ஓர் உருண்டை. அது ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்து திரும்ப வேண்டும், நம் தோள்பட்டை திரும்புகிற மாதிரி. அந்தக் கிண்ணம் கண்ணுக்குத் தெரியவில்லை. விபூதியும் சந்தனமும் குங்குமமும் பழைய கிரீசில் குழைந்து, காய்ந்து, மறுபடி மேலே விழுந்து, மறுபடி காய்ந்து, சாம்பலும் ரோஜாவும் கலந்த ஒரு நிறத்தில் கெட்டித்துப்போய் இருந்தது. பாய் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது.

“தலைவரே,” என்றார் கடைசியில், “இது கியர் இல்ல, உண்டியல். ஊரே வந்து போட்டுட்டுப் போயிருக்குது.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மனைவிக்கோ கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சிரிப்பா வேறா என்று நான் கேட்கவில்லை. “என் கை இல்ல பாத்தீங்களா” என்று மட்டும் சொன்னாள். அதையும் மெதுவாகத்தான் சொன்னாள்.

பாய் சுரண்ட ஆரம்பித்தார். சுரண்டும் அழுக்கை எல்லாம் கழிவெண்ணெய் டப்பாவில் தட்டுவது அவர் வழக்கம். அன்றைக்குக் கை டப்பா வரைக்கும் போய் நின்றது. “துண்ணூறாச்சே. இதுல எப்பிடிப் போடறது?” என்று ஒரு பேப்பரை விரித்து, சுரண்டியதை எல்லாம் அதில் சேர்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணம் ஆக வேண்டும் என்று வந்தவர்கள், ஆகிவிட்டதே என்று வந்தவர்கள், பரீட்சைக்கு, பிரசவத்துக்கு, வழக்குக்கு என்று வந்தவர்கள். ஒவ்வொருவரும் தங்களுடையதில் ஒரு சிட்டிகை எங்களுக்கும் இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனது. நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். அது இறங்கிய இடம்தான் சரியில்லை.

“இத என்னங்க பண்றது?” என்றார் பாய்.

“எங்க வீட்டுச் செடிக்குப் போடலாம்னா கிரீசு வேற கலந்திருக்கு. செடி கியர் போட்டுக்கிட்டு ஓடிரும்” என்றாள் மனைவி. பொட்டலம் பாய் ஷெட்டிலேயே, ஆணிப் பெட்டிக்கு மேல் மாடத்தில் ஏறியது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

கோளாறு மேலே மட்டும் இல்லை. நரநரவென்று தூள் அரைத்து அரைத்து அந்தக் கிண்ணம் தேய்ந்து வட்டம் கெட்டிருந்தது. கீழே, ராடில் இருந்து கியர் பாக்ஸ் வரை போகிற கம்பியின் மூட்டுகளில் இருந்த புஷ் என்கிற சின்னச் சின்ன வளையங்களும் தேய்ந்து ஆடின. பாய் படுத்துக்கொண்டு கீழே இருந்து குரல் கொடுத்தார்: “மேல இறுகிப் போச்சு, கீழ தளந்து போச்சு. கை குடுக்கற அழுத்தம் பாதி வழியிலயே தொலஞ்சு போவுது. பாவம், கியர் பாக்ஸ் வரைக்கும் சேதி போய்ச் சேரவே இல்ல.”

புதுக் கிண்ணமும் புஷ்களும் டவுனிலேயே ஒரு ஸ்பேர் கடையில் கிடைத்தன. மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவி, காயவிட்டு, புது கிரீஸ் வைத்து மாட்டினார் பாய். அப்படியே வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டி, “நான் ஊத்தின எண்ணெய் இதுக்குக் கொஞ்சம் கெட்டி. அதான் காலையில மொரண்டு புடிச்சிருக்குது” என்று அதையும் மாற்றினார். ரப்பர் உறைதான் எங்கும் கிடைக்கவில்லை. இந்த வண்டிக்கு இப்போது அது வருவதில்லையாம். கடைக்காரர்கள் வேலூரிலும் சொல்லிப் பார்த்தார்கள். மனைவி ஒரு பழைய மழைக்கோட்டை வெட்டி, அடியில் எலாஸ்டிக் வைத்து, மேலே ராடோடு சேர்த்துச் சுருக்கு இழுத்து, தானே ஓர் உறை தைத்துவிட்டாள். “துண்ணூறு என்னா, எறும்பு கூட எறங்காது” என்றாள்.

ஷெட் வாசலிலேயே ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டாள். அங்கிருந்து நேராகக் கீழே இழுத்தாள். சின்னதாக ஒரு சத்தம். மறுபடி மேலே, மறுபடி கீழே. என்னை நிமிர்ந்து பார்த்தாள். “டிச் பட்டன் மாதிரி விழுதுங்க. டிக், டிக்னு.”

நானும் உட்கார்ந்து பார்த்தேன். இங்கேதான் வேடிக்கை. என் கை பழைய கை. முதலில் இருந்து இழுத்து, நடுவில் நிறுத்தி, மூச்சு விட்டு, இடது பக்கம் அணைத்து, தட்டுவதற்குள் வண்டி கியரே இல்லாமல் உறுமிக்கொண்டு நின்றது.

“கெஞ்சாதீங்க,” என்றாள். “அது வருது.”

பாய் டீ சொல்லி அனுப்பினார்.

பௌர்ணமி வந்தது, கூட்டம் வந்தது, போனது. அந்த அம்மா சொன்ன சொல் தவறாமல் வந்து ஏறினார். முதலில் வேங்கிக்கால், அப்புறம் கோயில். ஏறியதுமே கழுத்துக்கு ஒரு சின்னத் தலையணையை வைத்துக்கொண்டார்.  மனைவி கண்ணாடியில் அந்தத் தலையணையைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள். கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் அந்த அம்மாவுக்கு ஒரு போன். பாத்ரூம் குழாய் மாற்ற வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத பிளம்பர். திட்ட ஆரம்பித்தார். நல்ல தமிழில், நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துத் திட்டினார். நான் பிளம்பருக்காக வருத்தப்படவில்லை. அந்தத் திட்டு எங்கேயாவது உடைகிறதா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வண்டி குலுங்கினால் பேச்சும் குலுங்குமே. அதே வேகத்தடை வந்தது. ஏறி, இறங்கி, டிக். “…நாலு நாளா இதே கதைதான சொல்ற நீ” என்று திட்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தலையணை எப்போதோ சரிந்து சீட்டில் கிடந்தது. எடுத்து வைக்கக்கூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.

கோயிலுக்குள் போய்விட்டுத் திரும்பி வந்து ஏறினார். வெயிலில் நடந்த களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்து முன்னால் நீட்டினார். “எடுத்துக்கோம்மா. நல்லா எடு. நாளைக்குக் காலையில என்கிட்ட இருக்கற ரெண்டு பொண்ணுங்க சாத்தனூர் டேம் பாக்கணுங்கறாங்க. வெயில் ஏறறதுக்கு முன்னாடி வந்துடு. வண்டி நல்லாத்தான் போகுது, ஆளும் நேரத்துக்கு வரணும், என்ன?”

“வந்துடறேம்மா” என்றாள் மனைவி.  விபூதியை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். அள்ளியே எடுத்திருந்தாள் போல, உள்ளங்கையில் நிறைய மிச்சம். அந்தக் கை, சொல்லாமலே, என்னைப் பார்த்துப் பார்த்த பழக்கத்தில் அது பாட்டுக்குக் கியர் பக்கம் போயிற்று. மழைக்கோட்டு உறைக்கு மேல், ராடின் தலைக்கு ஒரு சாண் தூரத்தில்.

“ஏய், அங்க மட்டும் வேணாம்!” என்று நான் கத்தியே விட்டேன்.

அப்போதுதான் அவள் கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு என்னைக் கேட்டாள், ஆசையாகக் கொடுக்கிறார்களே, இதை எங்கே வைக்கட்டும் என்று. “என்னாச்சு?” என்றார் பின் சீட்டு அம்மா. 

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பி, உள்ளங்கையில் இருந்தது அத்தனையையும் என் நெற்றியில் இந்தக் காதில் இருந்து அந்தக் காது வரை இழுத்து அப்பினாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கண்ணாடியில் பின்னால் ஒருமுறை பார்த்து, வண்டியை எடுத்து, தெருமுனை வருவதற்குள் செகண்டுக்கு இழுத்தாள்.